கடற்பாசித் திரவம்: மூலிகைக்கு எவ்வளவு, எப்போது, எந்தப் பாகத்துக்கு?

கேள்வி: ஓர் ஏக்கரில் துளசி, நிலவேம்பு, அமுக்கரா மூன்றும் போட்டிருக்கிறேன். வரப்போரம் கொஞ்சம் கற்றாழையும் நிற்கிறது. வளர்ச்சிக்காகக் கடற்பாசித் திரவம் வாங்கினேன். லிட்டருக்கு 10 மில்லி, வாரம் ஒருமுறை என்றார் விற்றவர். மூன்றாவது தெளிப்பிலேயே துளசி இலையின் ஓரம் கருகிவிட்டது. நிலவேம்பு மளமளவென்று உயர்ந்து, கணுக்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன, இலையும் வெளிறிவிட்டது. அமுக்கராவில் தழை அமோகம், பிடுங்கிப் பார்த்தால் வேர் மெலிவு. என் நண்பரோ லிட்டருக்கு 50 மில்லி தெளிக்கிறார், அவருடைய செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. சரியான அளவு எது? வீட்டிலேயே தயாரிக்கலாமா? இதனால் மருந்துச் சத்து கூடுமா, குறையுமா?

பதில்: முதலில் தெளிப்பை நிறுத்துங்கள். துளசியின் மேல் இன்று மாலையே வெறும் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, இலையில் படிந்திருக்கும் உப்பைக் கழுவிவிடுங்கள். கருகிய ஓரம் திரும்பப் பச்சையாகாது. ஆனால் குருத்து நன்றாக இருந்தால் செடி தேறிவிடும். அடுத்த மூன்று வாரங்களுக்கு எந்த ஊக்கியும் வேண்டாம்.

நீங்களும் நண்பரும் தெளித்தது ஒரே பொருளாக இருக்க வாய்ப்பில்லை. கடற்பாசித் திரவம் என்ற பெயரில் மூன்று, நான்கு வகைப் பொருள்கள் விற்கப்படுகின்றன. வட அட்லாண்டிக் கரையில் வளரும் அஸ்கோபில்லம் நோடோசம் என்ற பழுப்புப் பாசியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டுச் சூடாக்கிக் கரைத்து எடுப்பது ஒரு வகை. அடர்திரவமாகவோ கறுப்புப் பொடியாகவோ வரும், காரத்தன்மை உள்ளது. தென்னாப்பிரிக்கக் கடலில் வளரும் எக்லோனியா மாக்சிமாவைச் சூடோ ரசாயனமோ இல்லாமல் அழுத்தத்தால் செல்லை உடைத்து எடுப்பது இன்னொரு வகை. இதில் தழைப்பைத் தூண்டும் சைட்டோகைனின் என்ற ஹார்மோனைவிட, வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோன் அதிகம், அதனால் வேர் பிடிக்க வைப்பதில் பெயர் பெற்றது. வெப்பக் கடல்களில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசியைப் பச்சையாக அரைத்துப் பிழிந்த சாறு மூன்றாவது வகை.

அளவு இந்த வகையைப் பொறுத்தே அமைகிறது. கப்பாபைகஸ் பச்சைச் சாற்றை நூற்றுக்கு 2.5 முதல் 15 பங்கு வரை, அதாவது லிட்டருக்கு 25 முதல் 150 மில்லி வரை வைத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். உங்கள் நண்பரின் 50 மில்லி அந்தச் சாறாக இருந்தால் அது நியாயமான அளவுதான். காரத்தில் கரைத்த அடர்திரவம் லிட்டருக்கு 2 மில்லி, மிஞ்சினால் 3. கரையும் பொடி அரை கிராம் முதல் 1 கிராம். உங்களுடையது அடர்திரவம் என்றால், வேண்டியதைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு, அதுவும் வாராவாரம் கொடுத்திருக்கிறீர்கள். புட்டியின் மேல் பாசியின் பெயர், எடுத்த முறை, திடப்பொருள் சதவீதம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மூன்றும் இல்லாத புட்டிக்கு யாராலும் அளவு சொல்ல முடியாது.

துளசி இலை ஓரம் கருகியதற்கு உப்புதான் காரணமாக இருக்கும். கடற்பாசியில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. காரத்தில் கரைத்ததில் பொட்டாசியம் இன்னும் கூடும். வெயில் ஏறிய பிறகு தெளித்தால் நீர் உடனே ஆவியாகி, உப்பு மட்டும் இலையின் நுனியிலும் ஓரத்திலும் திரண்டு நிற்கும். இ.சி. மீட்டர் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) கிடைத்தால் கலந்த கரைசலை ஒருமுறை அளந்து பாருங்கள். மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸைத் தாண்டினால் இலையில் தெளிக்க வேண்டாம். கிணற்று நீரே 1.5 காட்டினால் திரவத்துக்கு இடமே இல்லை, வேறு நீர் தேடுங்கள்.

நிலவேம்பு நீண்டு வெளிறியதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நேர்த்தியான கடற்பாசித் திரவம் இலையை அடர்பச்சையாக்கும். அதிலுள்ள பீட்டைன் என்ற பொருள் பச்சையம் சிதைவதைத் தாமதப்படுத்துவதால் வரும் நிறம் அது. அதற்கு நேர்மாறாக, சில நாட்களிலேயே கணுவிடை நீண்டு, தண்டு மெலிந்து, இலை வெளிறினால் அது ஜிப்ரலின் என்ற, தண்டை நீட்டும் ஹார்மோன் மிகுதியின் முகம். நிழலும் செடி நெருக்கமும்கூட இதே தோற்றத்தைத் தரும், ஆகவே தெளிக்காத செடிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவை கட்டையாக இருந்து தெளித்தவை மட்டும் நீண்டிருந்தால், புட்டியில் செயற்கை வளர்ச்சி ஊக்கி கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். மூலிகையில் இது சின்ன விஷயமல்ல. நிலவேம்பின் கசப்பான ஆண்ட்ரோகிராபோலைடு இலையில்தான் செறிந்திருக்கிறது, தண்டில் குறைவு. செடி நீள நீள அறுவடையில் தண்டின் பங்கு ஏறும். எடை கூடியதாகத் தெரியும், மொத்தச் சரக்கின் கசப்பு இறங்கும்.

அமுக்கராவுக்கு வருகிறேன். இங்கே கடற்பாசியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அமுக்கரா வடிகால் உள்ள மணற்பாங்கான நிலத்தில், கொஞ்சம் வாடவிட்டு வளர்க்க வேண்டிய பயிர். தழைச்சத்தும் தண்ணீரும் அதிகமானால் இலையாகப் போடும், வேருக்கு எதையும் அனுப்பாது. தாராளமாகத் தண்ணீர் பாய்ச்சி, தொழுவுரமும் கொட்டியிருந்தால் அதுதான் முதல் காரணம். அதன் மேல் வாராவாரம் சைட்டோகைனின் உள்ள திரவம் இலையில் விழுந்தால் தழைப்பு இன்னும் கூடும். பாசனத்தைக் குறையுங்கள், நெருக்கமான இடத்தில் செடி கலையுங்கள், இனிமேல் இந்தப் பயிருக்குத் தெளிப்பு வேண்டவே வேண்டாம். இந்தப் பட்டத்தில் வேர் ஓரளவுக்கு மேல் திருந்தாது. பறிக்கும் நாளைத் தள்ளிப்போட்டால் கொஞ்சம் பருக்கும், ஆனால் முற்றவிட்டால் நார் ஏறும்.

மருந்துச் சத்து பற்றிய கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றப் பயிர்களுக்கான அறிவுரையை மூலிகைக்கு அப்படியே எடுத்து வைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கடற்பாசித் திரவம் உரம் அல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லி என்றால் ஒரு தெளிப்புக்கு 400 மில்லி, மூன்று தெளிப்புக்கு 1.2 லிட்டர். அதில் 5 சதவீதம் சாம்பல்சத்து இருந்தாலும் ஏக்கருக்குப் போய்ச் சேர்வது 60 கிராம்தான். பயிருக்கு வேண்டியதோ கிலோக் கணக்கில். ஆக அது வேலை செய்வது ஊட்டத்தால் அல்ல, செடிக்குக் கொடுக்கும் சமிக்ஞையால். திரவத்தில் இருக்கும் ஹார்மோன் நேரடியாகச் செயல்படுவதைவிட, செடி தன் ஹார்மோனைச் சுரக்கும் விதத்தைத் திரவம் மாற்றுவதுதான் பெரிய பங்கு என்று மரபணு அளவிலான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் மிகச் சிறிய அளவு போதும். அளவைக் கூட்டினால் பலன் கூடாது, ஒரு கட்டத்துக்கு மேல் வேர் வளர்ச்சி தடைப்படவும் செய்யும்.

பழுப்புப் பாசியில் லாமினாரின் என்றொரு சர்க்கரைச் சங்கிலி உண்டு. பூஞ்சையின் செல்சுவரில் இருக்கும் பொருளைப் போன்ற அமைப்பு அதற்கு. இலையில் அது பட்டதும் பூஞ்சை தாக்க வந்துவிட்டதாகச் செடி எடுத்துக்கொண்டு, தற்காப்புப் பொருள்களைச் சுரக்கத் தொடங்கும். நாம் மருந்து என்று எடுப்பதில் பெரும்பகுதி, பூச்சிக்கும் நோய்க்கும் எதிராகச் செடி தனக்காகச் செய்துகொண்ட தற்காப்புப் பொருள்கள்தான். பழுப்புப் பாசியிலுள்ள ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளைக் காமா கதிரால் சிறு துண்டுகளாக உடைத்து, லிட்டருக்கு 20 முதல் 100 மில்லிகிராம் என்ற சொற்ப அளவில் தெளித்தபோது ஆர்ட்டிமிசியா செடியில் ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்துப் பொருளும், நித்தியகல்யாணியில் ஆல்கலாய்டும் கூடியதை அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடையில் வாங்கும் சாதாரணத் திரவம் அதே பலனைத் தரும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அங்கே உடைத்துச் சீராக்கிய ஒரே பொருள், இங்கே பல பொருள்களின் கலவை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. செடி வேகமாகத் தழைக்கும்போது சத்து நீர்த்துப் போகலாம். ஒரு பாத்தியில் 10 கிலோ உலர் இலை, மருந்துப் பொருள் 2 சதவீதம் என்று வையுங்கள்: 200 கிராம். திரவம் தெளித்த பாத்தியில் 13 கிலோ, ஆனால் 1.7 சதவீதம் என்றால் 221 கிராம். நிலத்துக்கு லாபம்தான். ஆனால் வாங்குபவர் குறைந்தது 2 சதவீதம் கேட்டால் அந்த 13 கிலோவும் திரும்பி வரும். எண்ணெயாகவோ சாரமாகவோ நீங்களே வடித்து விற்பவராக இருந்தால் மொத்தக் கிராமைப் பாருங்கள். உலர்சரக்காக விற்றால் சதவீதத்தைப் பாருங்கள். இதை முடிவு செய்யாமல் திரவத்தைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி அடுத்த பட்டத்துக்கான முறை. வேறு வகையின் பெயர் சொல்லாத இடத்தில் அளவெல்லாம் காரத்தில் கரைத்த அடர்திரவத்துக்கு. திரவத்தின் பெரிய பயன் செடியின் இளமையில், அதிலும் வேர் பிடிக்கும் நாட்களில்தான். அமுக்கரா விதையை லிட்டருக்கு 2 முதல் 3 மில்லி கலந்த நீரில் 8 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். துளசி விதையை ஊறவைக்கவே கூடாது. நீர் பட்டதும் அதைச் சுற்றிக் கூழ் போர்த்திக்கொள்ளும், விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், சீராகத் தூவ முடியாது. துளசிக்கு முளைத்து நான்கு இலை விட்ட பிறகு நாற்றங்காலில் லிட்டருக்கு 1 மில்லி கலந்து பூவாளியால் ஊற்றினால் போதும். நிலவேம்பு விதைக்கு உறக்கநிலை உண்டு. கடற்பாசி அதை உடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம், விதை உறக்கத்துக்கு வழக்கமாகச் செய்யும் நேர்த்தியை முதலில் செய்யுங்கள்.

நாற்றைப் பிடுங்கி நடும்போது வேரை லிட்டருக்கு 3 மில்லி கலந்த நீரில் 10 நிமிடம் முக்கி நடுங்கள். என்னைக் கேட்டால் முழுப் பட்டத்திலும் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தரும் ஒரே வேலை இதுதான். ஆடாதொடை, திப்பிலி போல் தண்டு வைத்து வளர்ப்பவற்றுக்கு, ஆக்சின் மிகுந்த எக்லோனியா வகை கிடைத்தால் லிட்டருக்கு 10 மில்லியில் தண்டின் அடிப்பகுதியை அரை மணி நேரம் நிறுத்தி எடுத்து நடலாம்.

இலைத் தெளிப்பு துளசிக்கும் நிலவேம்புக்கும் நட்ட 20 முதல் 25 நாளில் ஒன்று, அதிலிருந்து 20 நாள் கழித்து இன்னொன்று, இரண்டும் லிட்டருக்கு 2 மில்லி. மூன்றாவதாக, மொட்டு தலைகாட்டும் சமயத்தில் லிட்டருக்கு 1 மில்லி மட்டும். இது வளர்ச்சிக்காக அல்ல, முன்பு சொன்ன தற்காப்புச் சமிக்ஞைக்காக. அதற்கும் அறுவடைக்கும் இடையே குறைந்தது 15 நாள் இருக்கட்டும். துளசியை நன்றாகப் பூத்தபின் அறுப்பதால் இந்த இடைவெளி எளிதில் கிடைக்கும். நிலவேம்பைப் பூ எடுக்கத் தொடங்கும்போதே அறுக்க வேண்டியிருப்பதால் இடைவெளி கிடைக்காது என்று தோன்றினால் மூன்றாவது தெளிப்பை விட்டுவிடுங்கள். துளசியை வெட்டி மறுதழைவு எடுக்கும்போது, வெட்டிய பத்தாம் நாள் ஒரு தெளிப்பு கொடுத்தால் தளிர் சீராக வரும். அமுக்கராவுக்கு விதை நேர்த்தியும், 30 ஆம் நாள் வேரில் ஊற்றுவதும் மட்டும்.

கற்றாழைக்கு இலைத் தெளிப்பு வீண். அதன் தோல் தடித்தது, மெழுகு பூசியது. இலைத்துளைகள் பகலில் மூடியிருந்து இரவில்தான் திறக்கும். லிட்டருக்கு 2 மில்லி கலந்து, தூருக்குத் தூர் அரை லிட்டர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மண்ணில் ஊற்றுங்கள். பக்கக் கன்று நட்ட முதல் ஆறு மாதத்துக்கு மேல் அதுவும் தேவைப்படாது.

கலப்பதிலும் கோளாறு வரும். தொட்டியில் பாதி தண்ணீர் ஊற்றி, அளந்த திரவத்தை விட்டுக் கலக்கி, பிறகு நிரப்புங்கள். 16 லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 32 மில்லி. புட்டி மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவதை விட்டு, அளவு கீறிய குவளை வைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் நைட்ரேட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள்: கால்சியம் பட்டால் பழுப்புப் பாசியின் ஆல்ஜினேட் கூழாக உறைந்து தெளிப்பானின் நாசிலை (நீர் பீய்ச்சும் முனையை) அடைத்துவிடும். கடின நீரிலும் இதே தொல்லை. கரைசல் மிகவும் அமிலமானால் ஆல்ஜினிக் அமிலம் தனியே பிரிந்து அடியில் படியும், ஆகவே புளித்த மோர் போன்ற அமிலக் கரைசல்களும் கூடாது. காரத் திரவத்தோடு இரும்பு, தாமிரச் சல்பேட்டுகளைச் சேர்த்தால் வீழ்படிவாகும். உயிர்ப் பூச்சிக்கொல்லிகளையும் அதே தொட்டியில் போடாமல் சில நாள் இடைவெளி விட்டுத் தெளியுங்கள். சந்தேகம் இருந்தால் தெளிக்கும் விகிதத்திலேயே ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியில் கலந்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். திரிதிரியாகவோ அடிமண்டியாகவோ தெரிந்தால் அந்தக் கலவை வேண்டாம்.

காலை 8 மணிக்கு முன்போ, வெயில் தாழ்ந்த பின்போ தெளியுங்கள். துளசி இலையில் மென்மயிர் இருப்பதால் நீர் முத்தாக நிற்கும். கொஞ்சம் ஒட்டும் திரவம் சேர்த்து, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி மெல்லிய துளியாகத் தெளிக்க வேண்டும். தெளித்த சில மணி நேரத்தில் மழை வந்துவிட்டால் மறுநாளே திரும்பத் தெளிக்காதீர்கள், அடுத்த முறைக்குக் காத்திருங்கள். கலந்த கரைசலை அன்றே தீர்க்க வேண்டும். உப்பிய கேன், அழுகல் வாடை ஆகியவை உள்ளே நொதித்துவிட்டதைக் காட்டும். அதைச் செடிக்குக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் தயாரிக்கலாமா என்றால், தயாரிக்கலாம், ஆனால் எல்லைக்குட்பட்டு. உயிரோடு ஒட்டி வளரும் பாசியைப் பாறையிலிருந்து பிய்க்கக் கூடாது, அது மீன்குஞ்சு வளரும் இடம். கரை ஒதுங்கியதைப் புதிதாக எடுத்து, நல்ல தண்ணீரில் மூன்று, நான்கு முறை அலசி மணலும் உப்பும் போக்கி, பொடியாக நறுக்குங்கள். 1 கிலோ பாசிக்கு 1 லிட்டர் தண்ணீர் வைத்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் துணியில் வடியுங்கள். ஆய்வுக்கூடங்களில் முழுச் செறிவுச் சாறு என்று சொல்வது இதைத்தான். சர்காசம் என்ற பழுப்புப் பாசியிலிருந்து இப்படி எடுத்த சாற்றை 20 சதவீதமாக நீர்த்துக் கொடுத்தபோது தட்டைப்பயறு நாற்று நன்றாக வளர்ந்தது. செறிவு அதைத் தாண்டியபோது வளர்ச்சி குறைந்தது. மூலிகை நாற்றுக்கு நீங்கள் 5 சதவீதத்தில் தொடங்குங்கள், 10 ஐத் தாண்ட வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வாரக்கணக்கில் ஊறப்போட்டு நொதிக்கவைக்கும் முறையை, உலர்த்தி விற்கும் இலைக்குத் தெளிக்கவே கூடாது. அதன் நுண்ணுயிரும் பிசுபிசுப்பும் இலையில் தங்கி, உலர்த்தும்போது பூஞ்சணம் பிடிக்கும். நுண்ணுயிர்ப் பரிசோதனையில் சரக்கு தோற்கும். வேருக்கு வேண்டுமானால் ஊற்றலாம்.

நீங்கள் கேட்காத, ஆனால் வாங்குபவர் நிச்சயம் கேட்கப்போகும் ஒன்று: கன உலோகம். பழுப்புப் பாசி கடல்நீரிலிருந்து ஆர்செனிக்கையும் காட்மியத்தையும் உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். உலர்மூலிகையில் காட்மியம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், ஈயம் 10 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு சொல்லியிருக்கிறது. தெளிப்பால் பயப்பட வேண்டாம். கிலோவுக்கு 30 மில்லிகிராம் ஆர்செனிக் உள்ள பொடியை ஏக்கருக்கு 1 கிலோ தெளித்து, அத்தனையும் 800 கிலோ உலர் இலையிலேயே ஒட்டிக்கொண்டதாக வைத்தாலும் கிலோவுக்கு 0.04 மில்லிகிராமைத் தொடாது. ஆனால் அதே பாசியை எரு என்று 4 டன் உலர்வாக நிலத்தில் கொட்டினால் 120 கிராம் ஆர்செனிக் மண்ணில் சேரும். அதைச் செய்யாதீர்கள். திரவம் வாங்கும்போது கன உலோகப் பரிசோதனைச் சான்றை அந்தத் தொகுதி எண்ணோடு கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். இயற்கைச் சான்று பெற்ற நிலமாக இருந்தால், காரத்தில் கரைத்த வகையைப் பயன்படுத்தும் முன் சான்று தரும் அமைப்பிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

உங்கள் நிலத்தில் பலன் உண்டா என்பதை அடுத்த பட்டத்திலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரே மண், ஒரே நாள் நட்ட நிலவேம்பில் எட்டுப் பாத்தி எடுங்கள். நான்கில் திரவம், நான்கில் அதே நாளில் அதே அளவு வெறும் தண்ணீர். பாத்திகள் கலந்து கலந்து அமையட்டும், நடுவே இரண்டு வரிசை தெளிக்காமல் விடுங்கள். வெறும் தண்ணீர் ஏன் என்றால், வறண்ட நாளில் இலை நனைவதே செடிக்கு உதவும், அந்தப் பலனைத் திரவத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நன்றாக உரமும் நீரும் கிடைக்கும் செடியில் வித்தியாசம் சிறிதாகவும், வறட்சியிலோ உவர்ப்பிலோ தவிக்கும் செடியில் பெரிதாகவும் தெரியும். அறுத்தபின் பச்சை எடையைப் பார்த்து ஏமாறாமல், நிழலில் ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை உலர்த்தி, இலையையும் தண்டையும் தனித்தனியே எடை போடுங்கள். இரண்டு பிரிவிலிருந்தும் நான்கு பாத்திச் சரக்கைச் சம அளவில் கலந்து, 250 கிராம் வீதம் ஹெச்.பி.எல்.சி. (சரக்கிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) வசதி உள்ள ஆய்வகத்துக்கு ஆண்ட்ரோகிராபோலைடு அளவு கேட்டு அனுப்புங்கள். இப்போது கையில் இருக்கும் புட்டியை இந்தச் சோதனைக்கு எடுக்க வேண்டாம். பாசியின் பெயரும் எடுத்த முறையும் தெரிந்த வேறொன்றை வாங்குங்கள்.